எண்பத்தேழாம் பக்கம்

அந்த நூலகத்தின் சிறுவர் பிரிவு மூன்றாவது மாடியில் இருக்கிறது. பிள்ளைகளுக்கான அறையை அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்த மகானுபாவன் யாரென்று தெரியவில்லை. படியேறி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குப் படிக்கிற ஆசையே இறங்கிவிடும். மிச்சமிருப்பவர்கள் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால் கதவுக்கு நேர் எதிரே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பெண். என்ன புத்தகம் வேண்டும் என்று அவள் கேட்க மாட்டாள். எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்றும் கேட்க மாட்டாள்.

"கடைசியா எந்தப் புத்தகத்தப் பாதில விட்ட? எந்தப் பக்கத்துல?"

இதுதான் அவளுடைய கேள்வி. இருபத்தாறு வருஷமாக இதே கேள்வி. முதல் தடவை வருகிற பிள்ளை திருதிருவென்று விழிக்கும். பாதியில் விட்டதற்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொள்ளும். திட்டு விழாது என்று தெரிந்ததும் கொட்டித் தீர்த்துவிடும். பிள்ளைகள் தங்களுக்குள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் 'எந்தப்பக்கம்'. "எந்தப்பக்கம் இன்னிக்கு லீவாம்டா" என்று படிக்கட்டில் பேசிக்கொள்வது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

நாம் அவளை அத்தை என்று சொல்வோம். உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட இருப்பது ஒரே ஒருத்திதான். தம்பி மகள், பதினாலு வயசு. அந்த ஒருத்தியும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்பதுதான் அத்தையின் கவலை, இந்தக் கதையும் அதுதான்.

முதலில் அத்தையின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அவள் செய்த தப்பு புரியாது.

பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் பிள்ளைகள் பொய் சொல்லும். எந்தப் பெயரைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மலருமோ அந்தப் பெயரைச் சொல்லும். பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பக்க எண்ணை வைத்துத்தான் அத்தை அடுத்த நாவலை எடுத்துக் கொடுப்பாள். பத்தாம் பக்கத்துக்குள் விட்டதா? கதை விடியற்காலை வர்ணனையோடு தொடங்கியிருக்கும். இந்தப் பிள்ளைக்கு முதல் வரியிலேயே யாராவது யாரையாவது துரத்த வேண்டும். நாற்பதாம் பக்கமா? கதையில் ஆள்கூட்டம் அதிகம், யார் யாருக்கு என்ன உறவு என்று பிள்ளை தொலைந்துபோய்விட்டது. மூன்று பேருக்கு மேல் இல்லாத நாவலாகக் கொடு. முடியப் பத்துப் பக்கம் இருக்கும்போதா? பிடிக்காமல் இல்லை, முடிந்துவிடுமே என்கிற ஏக்கம். அதற்கு மூன்று பாகம் உள்ள நாவல்தான் மருந்து.

சரியாக நடுவில் விடுகிறவர்கள் கதை வேறு. அங்கே நாய் சாகப்போகும், அல்லது அம்மாவும் அப்பாவும் பிரியப்போவார்கள். இரண்டு பக்கம் முன்னாலேயே பிள்ளைக்கு மூக்கில் வியர்த்துவிடும். அலுத்துப்போய் மூடுவதில்லை, பயந்து மூடுகிறார்கள். அவர்களுக்கு வேறு புத்தகம் கொடுக்கக்கூடாது என்பாள் அத்தை. அதே புத்தகத்தைக் கொடுத்து, தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க ஒக்காந்து படி, நான் இருக்கேன்" என்பாள். அந்த நாற்காலியில் அழுது முடித்துவிட்டுப் போனவர்களில் இப்போது மீசை வைத்தவர்களும் உண்டு.

பதிமூன்று, பதினாலு வயசுக்காரர்கள் தனி ரகம். அவர்களிடம் வாய்விட்டு எதையும் சிபாரிசு செய்யக்கூடாது, செய்தால் அந்தப் புத்தகத்துக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. மேசை மேல் சும்மா வைத்துவிட்டு, கண் அதில் விழுந்ததும், "அது உனக்குச் சரிப்படாது, வெச்சிரு" என்று சொல்ல வேண்டும். பாய்ந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அம்மாக்கள் சிலர், "படிச்சா கொஞ்சம் ஒழுக்கம் வர்ற மாதிரி நாவல் குடுங்களேன்" என்று வந்து நிற்பார்கள். "ஒழுக்கம் ரெண்டாவது மாடிம்மா, இங்க கதை மட்டும்தான்" என்பாள் அத்தை. ரெண்டாவது மாடியில் சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். வயசு, புத்தகம், விட்ட பக்கம், காரணம் என்று நாலு கட்டம். பெயர் எழுதுவதில்லை. ஒன்பதாவது நோட்டு நடக்கிறது. இதுபோக இன்னொரு கறாரான சட்டமும் உண்டு: எந்தக் கதைக்கும் முடிவைச் சொல்ல மாட்டாள். கெஞ்சினாலும் சரி, தரையில் உருண்டாலும் சரி. "கடைசிப் பக்கம் இருக்கு, உனக்குக் கை இருக்கு" என்று சொல்லிவிட்டு ரப்பர் முத்திரையைக் குத்துவாள்.

வீட்டுக்கு வந்தால் இந்த அதிகாரமெல்லாம் செருப்போடு வாசலில் நின்றுவிடும்.

மூன்று அறை உள்ள அந்த வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். தம்பியும் தம்பி மனைவியும் காலையில் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். பிள்ளை ரெண்டு வயசிலிருந்து அத்தையின் இடுப்பில்தான் வளர்ந்தாள். பள்ளி விட்டதும் நேரே நூலகத்துக்கு வந்து, மேசைக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அத்தை அவளுக்கு நாவல் படித்துக் காட்டுவாள். சும்மா வாசிப்பதில்லை, கதையில் வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் வைத்திருப்பாள். திருடனுக்கு மூக்கடைத்த குரல், தலைமை ஆசிரியைக்குத் தகர டப்பா குரல். "பதினோரு வயசாச்சு, இன்னுமா படிச்சுக் காட்டுவாங்க? அவளே படிக்கட்டும்" என்று தம்பி மனைவி சொல்வாள். அத்தையும் பிள்ளையும் அதைக் காதில் வாங்கிக்கொண்டதே இல்லை.

அப்புறம் தம்பிக்கு வேலை மாற்றம் வந்தது. ஒன்பது மணி நேர ரயில் பயணத்தில் வேறொரு நகரம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, யார் மேலும் குறை சொல்ல வழியில்லை. அதுதான் அத்தைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. யாரையாவது கோபித்துக்கொள்ள முடிந்திருந்தால் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பாள்.

அந்த வருஷமே லீவு போட்டு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போனது தப்பாகிவிட்டது. கூடத்து சோபாவில் விருந்தாளிக்குரிய மரியாதையோடு உட்காரவைத்தார்கள். பிள்ளை புதுச் சிநேகிதிகளோடு எங்கோ போவதும் வருவதுமாக இருந்தாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, அத்தை பேசினால் ஒரு காதில் இருப்பதை மட்டும் எடுத்தாள். 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் 'நீங்க' என்றாள். மரியாதை கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தம்பி பெருமைப்பட்டான். அத்தை சிரித்து வைத்தாள். அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

போவதற்குப் பதில் புத்தகம் அனுப்பினாள். மாதம் ஒரு நாவல். வயசு ஏற ஏற அதற்குத் தகுந்த மாதிரி, பார்த்துப் பார்த்து. பன்னிரண்டில் காணாமல்போனவர்களைத் தேடும் கதை, பதிமூன்றில் சிநேகிதிகள் பேசாமல் போகிற கதை, பதினாலில் வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல் வருகிற பெண்ணின் கதை. ஒவ்வொன்றையும் முதலில் தான் படித்துப் பார்ப்பாள். முதல் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படிப்பாள். காதுக்கு ஒட்டாத புத்தகம் பிள்ளைக்கும் ஒட்டாது என்பது அவள் கட்சி. வெறும் வீட்டில் திருடனுக்கும் தலைமை ஆசிரியைக்கும் குரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அம்மாள் பால்கனிக்கு வந்து, "யாரு வந்திருக்காங்க? பேச்சுக் கொரல் கேட்டுச்சே" என்பாள்.

"ஒரு திருடன் வந்திருக்கான். காபி குடுத்துட்டு இருக்கேன்" என்பாள் அத்தை. அந்த அம்மாளுக்கு அது வேடிக்கையா பைத்தியமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்த பத்து நாளில் செய்தி வந்துவிடும். "முடிச்சிட்டேன் அத்தை. சூப்பர்." மாதாமாதம் தவறாமல். அத்தை அதை மூன்று நாலு தடவை பார்ப்பாள். அந்த ஒரு வரியில் அவளுக்கு ஒரு மாதம் ஓடிவிடும். எங்கே இருந்தால் என்ன, அவளும் நானும் ஒரே புத்தகத்துக்குள்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள்.

இதே வார்த்தையை நூலகத்தில் ஒரு பிள்ளை சொல்லியிருந்தால் அத்தை விட்டிருப்பாளா? "முடிச்சிட்டேன், சூப்பர்" என்பது புத்தகத்தைத் திறக்காத பிள்ளையின் வாக்கியம் என்று அவளே புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உண்மையாகப் படித்த பிள்ளை, "அந்தக் கிழவன் ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று சண்டைக்கு வரும். ஊர்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் கேட்ட கேள்வியை அத்தை தன் பிள்ளையிடம் மட்டும் முப்பத்தைந்து மாதமாகக் கேட்கவில்லை. தெரியாமல் கேட்காமல் விட்டாளா, தெரிந்துவிடுமோ என்று விட்டாளா என்றால், என்னைக் கேட்டால் ரெண்டாவதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குட்டு உடைந்தது.

நூலகத்துக்கு வழக்கமாக வருகிற பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி, ரெட்டைச் சடைக்காரி, மூன்று மாடியும் ஓடி ஏறி வந்து புத்தகத்தை மேசை மேல் பொத்தென்று போட்டாள். சைக்கிள் பந்தயத்துக்குப் போகிற அண்ணனையும் அவன் தங்கையையும் பற்றிய நாவல். புது அச்சு. போன மாதம்தான் ஆறு பிரதிகள் நூலகத்துக்கு வந்தன.

"அண்ணன் எங்க போனான்?" என்றாள் ரெட்டைச் சடை.

"முடிவு சொல்ல மாட்டேன்னு தெரியும்ல?"

"முடிவு யாரு கேட்டா? நடுவுலயே காணும்! நூத்திநாப்பத்திநாலுல சைக்கிளத் தொடச்சிட்டு அவகூட சண்ட போடுறான். அடுத்த பக்கம் திரும்ப நூத்திஇருபத்தொம்போதுன்னு வருது. அதே பதினாறு பக்கம் மறுபடியும் வருது. அப்புறம் நேரா நூத்திஅறுபத்தொண்ணு. அவங்கம்மா அவன் சட்டையெல்லாம் மடிச்சுப் பெட்டில வெக்கிறாங்க. செத்துட்டானா, ஓடிட்டானா? யாரக் கேக்குறது நான்?"

அத்தை புரட்டிப் பார்த்தாள். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். பைண்டிங்கில் ஒரு ஃபாரத்தை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு, அடுத்ததை விட்டுவிட்டார்கள். அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்பது முழுக்க முழுக்க அந்த விடுபட்ட பதினாறு பக்கத்தில்தான் இருக்கிறது. அத்தை படித்தது பழைய அச்சு. அதில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அலமாரியில் இருந்த மற்ற ஐந்தையும் எடுத்துப் பார்த்தாள். ஐந்தும் அதே லட்சணம்.

புத்தகக் கடைக்காரருக்குப் போன் போட்டாள். "அந்தக் கட்டு பூரா அப்படித்தான் மேடம், எங்களுக்கே நேத்துதான் தெரியும். ஒரு காப்பிகூடத் தப்பல. எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடறோம்" என்றார் அவர்.

அந்தக் கட்டிலிருந்து ஏழாவதாக ஒன்றை எடுத்து, அத்தை தம்பி மகளுக்கு அனுப்பியிருந்தாள். போன வாரம் பதிலும் வந்திருந்தது. "முடிச்சிட்டேன் அத்தை. சூப்பர். அண்ணன் கேரக்டர் செம."

ரெட்டைச் சடை மேசை முன்னால் நின்று பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். "புதுசு வரும், வந்ததும் முதல்ல உனக்குத்தான்" என்று அத்தை சொன்னாள். தன் குரல் தனக்கே எங்கிருந்தோ வருகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு வந்த மற்ற பிள்ளைகளிடம் அவள் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுத்து முத்திரை குத்தி அனுப்பினாள். எந்தப்பக்கத்துக்கு உடம்பு சரியில்லை போல என்று அவர்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள்.

ஐந்து நாள் அத்தை தனக்குத்தானே பூசி மெழுகிப் பார்த்தாள். பரீட்சை நேரம், பிள்ளை வேகமாகப் புரட்டியிருப்பாள். ஒருவேளை தபாலில் போனது மட்டும் நல்ல பிரதியாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை என்று அவளுக்கே தெரியும். பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். முடிச்சிட்டேன் சூப்பர், முடிச்சிட்டேன் சூப்பர். முப்பத்தைந்து தடவை ஒரே வரி. அண்ணன் கேரக்டர் என்பதுகூடப் பின்னட்டையில் இருந்த வார்த்தை. ஒரே புத்தகத்துக்குள் இருவரும் இருக்கிறோம் என்று நினைத்திருந்தாளே, மூன்று வருஷமாக உள்ளே அவள் மட்டும்தான் இருந்திருக்கிறாள். ஒரு நாள் சாப்பிடாமலே படுத்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். இன்னொரு புத்தகம் அனுப்பினால் இன்னொரு 'சூப்பர்' வரும். பொய்யானாலும் மாதம் ஒரு தடவை வருகிறது. கேட்டுவிட்டால் அதுவும் நின்றுபோகும். எதையும் கேட்காமல் அந்த ஒரு வரியைக் காப்பாற்றிக்கொள்வதா, கேட்டுவிட்டு இருப்பதையும் இழப்பதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு, ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அத்தை போனை எடுத்தாள். தம்பிதான் பேசினான். சௌக்கியமா, சௌக்கியம், மழை உண்டா, இல்லை என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, "இந்தாடி, அத்தை" என்று கொடுத்தான்.

"சொல்லுங்க அத்தை."

"புத்தகம் முடிச்சிட்டியா?"

"அதான் மெசேஜ் போட்டேனே. சூப்பர்."

"ஒண்ணு கேக்கட்டுமா? திட்ட மாட்டேன். இங்க வர்ற பசங்க யாரையும் திட்டுனதில்ல, உனக்கே தெரியும்." அத்தை நூலக மேசைக் கேள்வியையே கேட்டுவிட்டாள். "எந்தப் பக்கத்துல விட்ட?"

அந்தப் பக்கம் தூரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை நடந்து வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"எதக் கேக்குறீங்க?"

"எல்லாத்தையும்தான்."

"எதையும் படிக்கல அத்தை." குரல் சின்னதாகிவிட்டது. "பிரிப்பேன். பின்னாடி அட்டையப் படிப்பேன். உள்ள போக முடியல. ஆனா தூக்கிப் போடல, எல்லாத்தையும் அடுக்கி வெச்சிருக்கேன். கோவமா?"

"கோவம் இல்ல." நிஜமாகவே கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும். "அப்ப கடைசியாப் படிச்சு, பாதில விட்டது எது?"

"எம்பத்தேழு." யோசிக்கவே இல்லை அவள். பொட்டென்று வந்தது.

"எதுல எம்பத்தேழு?"

"கழுதைக் கதைல. அந்தப் பொண்ணோட கழுதைய வித்துடுவாங்கல்ல, அதத் தேடிட்டுத் தனியாப் போவாளே. பாலம் இடிஞ்சு கெடக்கும், அவ ஆத்தங்கரைல நிப்பா. அந்த எடத்துல நீ மூடி வெச்சுட்ட. நாங்க கெளம்புறதுக்கு மொத நாளு. தொண்ட கட்டிடுச்சு, மீதிய நீயே படிச்சுக்கோன்னு சொன்ன."

'நீ' என்கிறாள் என்பது அத்தைக்கு உறைக்க ஒரு விநாடி ஆனது.

"உன் பெட்டிலதான அந்தப் புத்தகத்த வெச்சேன். படிச்சிருக்கலாம்ல?"

"படிச்சுப் பாத்தேன். அடுத்த பக்கத்துல ஒரு படகுக்காரர் வர்றாரு. அவருக்கு நீ என்ன கொரல் வெச்சிருப்பன்னு தெரியல. நானா ஒண்ணு வெச்சுப் பாத்தேன், வரல. அதுக்கப்புறம் எந்தப் புத்தகத்தத் தொறந்தாலும் அப்படியே ஆயிடுச்சு. எல்லாரும் ஊமையா இருக்காங்க."

அத்தை போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் ஒன்பது நோட்டு நிறையக் காரணங்கள் எழுதியிருக்கிறாள். இப்படி ஒன்றை எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை.

"கடைசில கழுதை கெடச்சுச்சா?" என்று கேட்டாள் பிள்ளை.

"நான் யாருக்கும் முடிவு சொல்றதில்லன்னு..."

"தெரியும். அதனாலதான் மூணு வருஷமா கேக்கல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவன் வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தான். அத்தை போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டல" என்றாள். "பொய் சொன்னேன். அந்தக் கதை எனக்கு முன்னாடியே தெரியும். கழுதை கெடைக்கும். ஆனா திரும்பி வராது. புது ஊர்ல அத நல்லா வெச்சிருக்காங்க, நல்ல புல்லு, கூட ரெண்டு கழுதைங்க. அவளப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கும், ஓடி வந்து கைய மோந்து பாக்கும். அப்புறம் தானாவே திரும்பி, அந்த ரெண்டுங்ககூடப் போயிடும். அவ கயிறு கொண்டு போயிருப்பா. கட்டி இழுத்துட்டு வந்திருக்கலாம். இழுக்கல. தனியா நடந்து வீட்டுக்கு வந்துடுவா. அதோட கதை முடிஞ்சிடும். மறுநாள் நீ ரயிலேறப் போற. நான் எப்படி அத உனக்குப் படிச்சுக் காட்டுறது? எனக்குப் பயமா இருந்துச்சுடி."

பிள்ளை மூக்கை உறிஞ்சினாள்.

"அது எத்தன வயசுக்குன்னு போட்டிருக்கான்?"

"பத்து வயசுன்னு போட்டிருக்கு."

"தப்பாப் போட்டிருக்கான். பத்து வயசுப் புள்ளைக்கு அது தாங்காது. உன் நோட்டுல மாத்தி எழுதிக்கோ."

"சரி. மாத்திடுறேன்."

"அத்தை, அம்மா கூப்பிடுறாங்க. டியூஷன் இருக்கு."

"போ, போயிட்டு வா." அத்தை வாய் தவறின மாதிரி கேட்டுவிட்டாள், "அடுத்த மாசம் புத்தகம் அனுப்பட்டுமா?"

பிள்ளை யோசித்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"வேணாம் அத்தை."

மூன்று வருஷ 'சூப்பர்'களுக்குப் பிறகு அதுவும் ஒரு உண்மையான பதில். கேட்டதும் அத்தைக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. போன் வைத்த பிறகுதான் வலித்தது. நாலாம் தேதி ஆனால் கடைக்குப் போய், நாலு புத்தகத்தைப் புரட்டி, ஒன்றை எடுத்து, பழுப்புக் காகிதம் சுற்றி, தபால் நிலைய வரிசையில் நிற்கிற வேலை இனி இல்லை. ஊரில் நானூறு பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம் என்று சொல்கிறவளுக்கு, தன் ஒருத்திக்கு அனுப்ப ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அத்தை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். தடுக்க யார் இருக்கிறார்கள்?

அழுது முடித்ததும் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கழுதை நாவலைப் பற்றிப் பல வருஷத்துக்கு முன்னால் எழுதிய குறிப்பு அவளுக்கு மனப்பாடம்: பத்து வயதுக்கு ஏற்றது. அதை அடுத்த நாள் நூலகத்துப் பழைய நோட்டில் அடித்து மாற்ற வேண்டும். இந்த நோட்டில் புது வரி ஒன்றைத் தொடங்கினாள். வயசு என்ற கட்டத்தில் முதலில் பதினொன்று என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடித்துவிட்டு, அன்றைக்குத் தனக்கு இருந்த வயசை, நாற்பத்தொன்பது என்று எழுதினாள். விட்ட பக்கம் எண்பத்தேழு. காரணம் என்ற கட்டத்தில் அதிகம் யோசிக்கவில்லை. பயம் என்று எழுதி நோட்டை மூடினாள்.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. சாயங்காலம் முழுக்க மிச்சம் இருந்தது. அந்தப் படகுக்காரர் எண்பத்தெட்டாம் பக்கத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்கிற முதல் வாக்கியம் அத்தைக்குத் தெரியும். என்ன குரல் வைத்திருப்பேன்? கனத்த குரலில் சொல்லிப் பார்த்தாள், போலீஸ்காரர் மிரட்டுகிற மாதிரி இருந்தது. கரகரப்பாகச் சொல்லிப் பார்த்தாள், அதுவும் சரியில்லை. பல வருஷம் காற்றிலும் தண்ணீரிலும் கத்திக் கத்தி ஓய்ந்துபோய், இப்போது மெதுவாக மட்டுமே பேச வருகிற ஆள் அவர். மூன்றாவது தடவை குரல் வந்துவிட்டது.

"ஏன் பாப்பா, தனியாவா வந்த?"

சுவருக்கு அந்தப் பக்கத்து அம்மாள் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பேச்சுக் கொரல் கேட்டுச்சே. யாரு வந்திருக்காங்க?"

அத்தைக்கு வேடிக்கையாக எதுவும் வாயில் வரவில்லை.

"யாரும் வரலம்மா" என்றாள்.